‘கம்யூனிகேஷன் ஸ்கில்’ என்று எழுதினால் பொய்யாகாதா?

வாசகியின் கேள்வி:

வணக்கம் மேடம். நான் குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். வீட்டில் பீடி சுற்றுகிறேன். வீட்டுக்காரர் லாரி டிரைவர், மாதத்தில் பாதி நாள் வெளியூரில்தான் இருப்பார். மகள் அரசு மகளிர் பள்ளியில் பிளஸ் டூ காமர்ஸ் குரூப் எழுதி 600-க்கு 438 வாங்கியிருக்கிறாள். பி.காம். சேர்க்கப் போகிறோம். காலேஜ் திறக்கிறவரை வேலைக்குப் போகிறேன், ஃபீஸுக்கு ஆகும் என்கிறாள். அடுத்த மாதம்தான் அவளுக்கு 18 முடிகிறது. வேலூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷனுக்கு ஆள் வேண்டுமாம். இங்கே பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடவும் ஆள் எடுக்கிறார்கள். இரண்டு இடத்திலும் ரெஸ்யூம் கேட்டார்கள்.

பிரவுசிங் சென்டரில் ஒரு பக்கம் அடித்துக் கொடுத்தார்கள். அதில் ‘லீடர்ஷிப், டீம் ஒர்க், கம்யூனிகேஷன் ஸ்கில், டைம் மேனேஜ்மென்ட், ஹார்டு ஒர்க்கிங்’ என்று ஐந்து போட்டிருக்கிறது. என் மகள் புது ஆட்களிடம் அதிகம் பேச மாட்டாள். கம்யூனிகேஷன் ஸ்கில் என்று எழுதினால் பொய்யாகாதா? கேட்டதற்கு, எல்லாரும் இப்படித்தான் போடுவார்கள், சாஃப்ட் ஸ்கில் இல்லாமல் யாரும் வேலை தர மாட்டார்கள் என்றார் கடைக்காரர். அவளுக்கு அனுபவம் என்று ஒன்றும் இல்லை. என் பீடிக் கணக்கை எழுதுவாள், பாட்டியை வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வருவாள், சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பாள், அவ்வளவுதான். வீட்டில் நாங்கள் தெலுங்கு பேசுகிறவர்கள். பீடி சுற்றும் வீடு என்று தெரிந்தால் குறைவாக நினைப்பார்களோ என்றும் பயமாக இருக்கிறது. என்ன எழுதுவது என்று நீங்களே சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பொய்யாகும். உங்கள் சந்தேகம் சரிதான். அந்த ஐந்து வார்த்தைகளையும் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

ஆனால் கடைக்காரர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. ரிசப்ஷனுக்கும் பில் கவுண்டருக்கும் ஆள் எடுக்கிறவர் மார்க்கைவிட அந்த மாதிரிக் குணங்களைத்தான் தேடுகிறார். குணத்தின் பெயரை எழுதிவிட்டால் அது இருப்பதாக ஆகிவிடும் என்று நினைத்ததுதான் தவறு. உங்கள் மகள் செய்த காரியத்தை எழுதுங்கள். குணம் என்ன என்பதைப் படிக்கிறவரே கண்டுகொள்வார். கடிதத்தில் ‘அவ்வளவுதான்’ என்று முடித்தீர்களே, அதற்கு முன்னால் மூன்று விஷயம் சொல்லியிருக்கிறீர்கள். அந்த மூன்றும்தான் அவளுடைய ரெஸ்யூம்.

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிகளிலும், அப்புறம் வேலூரில் ஒரு மருத்துவமனையிலும் ஆள் எடுக்கும் பொறுப்பில் பல வருடம் இருந்திருக்கிறேன். மே, ஜூன் மாதங்களில் மேஜை மேல் ரெஸ்யூம் குவிந்துவிடும். பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்றே தெரியாது. எல்லாவற்றிலும் அதே ஐந்து வார்த்தைகள். ‘சவாலான சூழலில் பணியாற்றி நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பாடுபட விரும்புகிறேன்’ என்று அதே முதல் வரி. கண் அதில் நிற்காமல் தாண்டிப் போய்விடும். நேரில் வந்த பிள்ளையிடம், “டீம் ஒர்க்னு போட்டிருக்கியேம்மா, எங்க செஞ்சே?” என்று கேட்டால் முகம் வாடிப்போகும். எழுதிக்கொடுத்தவர் அந்த அறைக்கு வரப்போவதில்லை. பாவம், அந்தப் பிள்ளைதான் தனியாக உட்கார்ந்து பதில் தேட வேண்டும். நல்ல பிள்ளைகள் பலர் அந்த ஒரு கேள்வியில் பயந்துபோய் அடுத்த கேள்விக்கும் வாய் திறக்காமல் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஸ்கேன் சென்டர் நடத்துகிறவரின் கவலை என்ன என்று பாருங்கள். காலையில் வெறும் வயிற்றோடு வந்து காத்திருக்கும் நோயாளி, “எனக்குப் பின்னாடி வந்தவரை ஏன் உள்ளே விட்டீங்க?” என்று சத்தம் போடுவார். அப்போது இந்தப் பெண் முகம் சுளிக்காமல் காரணம் சொல்வாளா? பெயர், வயது, டாக்டர் எழுதிய ஸ்கேன் இந்த மூன்றையும் சரிபார்த்து எழுதுவாளா? சாயங்காலம் கல்லாவில் இருக்கும் பணமும் பில்லும் ஒத்துப்போகுமா? தவறு நடந்தால் மறைப்பாளா, உடனே வந்து சொல்வாளா? ஒரு நோயாளியின் விஷயத்தை வெளியே போய்ப் பேசுவாளா? மழை பெய்தாலும் நேரத்துக்கு வருவாளா? ஜவுளிக்கடை முதலாளிக்கும் ஏறக்குறைய இதே கவலைகள்தான். சாஃப்ட் ஸ்கில் என்று அவர்கள் கேட்பது இதையெல்லாம்தான். இதில் எந்தக் கேள்விக்கு உங்கள் மகளின் வாழ்க்கையில் ஏற்கெனவே பதில் இருக்கிறது என்று தேடினால் போதும்.

முதலில் பீடிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஏஜென்டிடமிருந்து இலை எவ்வளவு வந்தது, தூள் எவ்வளவு வந்தது, எத்தனை ஆயிரம் பீடி கொடுத்தீர்கள், அதில் எத்தனையைக் கழித்தார்கள், கூலி என்ன, முன்பணத்துக்கு எவ்வளவு பிடித்தார்கள் என்று அவள் நோட்டில் எழுதிவைக்கிறாள் என்று நினைக்கிறேன். எந்த வகுப்பு படிக்கும்போது ஆரம்பித்தாள் என்று கேளுங்கள். பரீட்சை சமயத்திலும் எழுதினாளா? ஏஜென்ட் கணக்கும் அவள் கணக்கும் ஒரு தடவையாவது இடித்ததா? இடித்தபோது என்ன செய்தாள்? இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். நோட்டைக் கொண்டுபோய்த் தேதியோடு காட்டி, சண்டை போடாமல் சரிசெய்து வந்திருந்தால், பில் கவுண்டருக்கு அதைவிடப் பெரிய சான்று எதுவும் இல்லை. அவள் எழுதியதுதான் தவறு என்று தெரிந்து ஒப்புக்கொண்டு திருத்தியிருந்தாலும் அதே மதிப்புதான். சொல்லப்போனால் கொஞ்சம் கூடுதல் மதிப்பு என்றே நான் நினைப்பேன், ஏனென்றால் கல்லாவில் உட்காருகிறவரிடம் முதலாளி எதிர்பார்ப்பது அந்த நேர்மையைத்தான். ரெஸ்யூமில் இப்படி எழுதலாம்:

‘வீட்டுத் தொழிலின் பொருள் வரவு, கூலி, பிடித்தம் ஆகியவற்றின் கணக்கை மூன்று ஆண்டுகளாக வாரந்தோறும் எழுதி, ஏஜென்டின் கணக்கோடு ஒத்துப்பார்க்கிறேன்.’

மூன்று ஆண்டு, வாரந்தோறும் என்பதெல்லாம் உதாரணத்துக்கு நான் போட்டது. உண்மை எதுவோ அதை எழுதுங்கள். ஒரு வருடம்தான் என்றால் ஒரு வருடம். அந்த நோட்டைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். இன்டர்வியூவில் காட்டச் சொல்லவில்லை. போவதற்கு முன்னால் ஒரு தடவை புரட்டிப் பார்த்தால், பேசும்போது தயக்கம் இருக்காது.

‘வீட்டுத் தொழில்’ என்று மட்டும் எழுதுவதா, ‘பீடித் தொழில்’ என்று எழுதுவதா என்பதை அவளே முடிவுசெய்யட்டும். எது எழுதினாலும் சரி. “என்ன தொழில்?” என்று கேட்டால் மட்டும் தயங்காமல் சொல்ல வேண்டும். குடியாத்தம், பேரணாம்பட்டு, வேலூர் பக்கம் ஆள் எடுக்கிற யாருக்கும் பீடி சுற்றும் வீடு புதிதல்ல. அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து படித்து வந்து மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர்கள் நம் ஊரில் நிறைய. அம்மாவின் உழைப்பைப் பற்றி நிமிர்ந்து பேசுகிற பெண்ணை யாரும் குறைவாக நினைக்கப் போவதில்லை. நினைக்கிற இடமாக இருந்தால், அங்கே அவள் வேலை பார்க்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

இன்னொன்று, கேட்காததைச் சொல்கிறேன். உங்களிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால், பிள்ளைகளின் படிப்புக்கு மத்திய தொழிலாளர் நலத்துறையின் உதவித்தொகை உண்டு. தேசிய கல்வி உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், கல்லூரியில் சேர்ந்த பிறகு தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் வரும். 2022 செப்டம்பரிலிருந்து நடக்கிற திட்டம். சேரும்போதே கல்லூரி அலுவலகத்தில் இரண்டையும் பற்றிக் கேளுங்கள். ஃபீஸுக்காக எந்த வேலையாக இருந்தாலும் சரி என்று அவள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

அடுத்தது பாட்டியோடு சி.எம்.சி.க்குப் போய்வருவது. இதை ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். அந்த ஆஸ்பத்திரிக்குள் போய்வந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும். 1900-ல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய இடம். இன்று மேற்கு வங்காளம், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் வரைக்கும் இருந்து ஆட்கள் வருகிறார்கள். அந்தக் கூட்டத்தில் வயதானவரைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு, எந்தக் கட்டடம், எந்த மாடி, எந்த கவுண்டர் என்று கண்டுபிடித்து, ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்து, ரிசல்ட் வரும்வரை உட்கார்ந்து, டாக்டரைப் பார்த்து, மருந்து வாங்கி, அடுத்த தேதி குறித்துக்கொண்டு, திரும்ப குடியாத்தம் பஸ் பிடிக்க வேண்டும். பழைய ரிப்போர்ட் எல்லாம் வரிசையாக இருக்கிற ஃபைலை யார் தூக்குகிறார்கள்? டாக்டர் தமிழிலோ ஆங்கிலத்திலோ சொன்னதைப் பாட்டிக்குத் தெலுங்கில் யார் சொல்கிறார்கள்? எந்த மாத்திரை காலையில், எது ராத்திரி என்பதை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? இதெல்லாம் அவள்தான் என்றால், ஸ்கேன் சென்டர் ரெஸ்யூமில் முதல் இடம் இதற்குத்தான்.

‘பாட்டியின் தொடர் சிகிச்சைக்காக இரண்டு ஆண்டுகளாக மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறேன். பதிவு, பரிசோதனை, மருந்து, அடுத்த வருகை ஆகியவற்றைக் கவனித்து, மருத்துவர் சொல்வதை அவருக்குத் தெலுங்கில் விளக்குகிறேன்.’

பாட்டிக்கு என்ன நோய் என்று எழுத வேண்டாம். நேரில் கேட்டாலும் சொல்லத் தேவையில்லை, “தொடர்ந்து சிகிச்சையில இருக்காங்க” என்றால் போதும். நோயாளியின் விஷயத்தை வெளியே விடாதவள் என்பது அந்த ஒரு பதிலிலேயே தெரிந்துவிடும்.

இதில் இன்னொரு பலமும் இருக்கிறது. ரிசப்ஷன் கவுண்டருக்கு வெளியே நின்று காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று யாரும் சொல்லாமல் உட்காரவைத்தால் வயதானவர்கள் எப்படித் தவித்துப்போவார்கள் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறாள். “உனக்கு ஏன் இந்த வேலை?” என்று கேட்டால், மனப்பாடம் செய்த பதில் வேண்டாம், பாட்டியோடு காத்திருந்த ஒரு நாளைப் பற்றி நாலு வரி சொல்லட்டும். எந்த கவுண்டரில் யார் நன்றாகப் பதில் சொன்னார்கள், அதனால் பாட்டிக்கு எப்படி இருந்தது என்று. ஆள் எடுக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

இப்போது நீங்கள் பயப்படுகிற இடத்துக்கு வருகிறேன். புது ஆட்களிடம் அதிகம் பேச மாட்டாள் என்கிறீர்கள். ரிசப்ஷனில் நிறையப் பேசுகிறவர் தேவையில்லை. எதிரில் நிற்கிறவர் சொல்வதை முழுதாகக் கேட்டு, சரியாகப் புரிந்துகொண்டு, திரும்ப ஒரு தடவை சொல்லி உறுதிசெய்கிறவர்தான் தேவை. பேச்சு குறைவான பிள்ளைகள் இதை நன்றாகவே செய்வார்கள். பேச வேண்டிய இடத்திலும் பேசாமல் இருப்பதுதான் பிரச்சினை. பாட்டிக்காக கவுண்டரில் கேள்வி கேட்கிறாள் என்றால், தேவைப்படும்போது அவளுக்குப் பேச வருகிறது என்றுதான் அர்த்தம். தனக்காகப் பேசுவதுதான் அவளுக்குக் கூச்சமாக இருக்கும். இந்த வயதில் பல பெண் பிள்ளைகள் அப்படித்தான். அதற்குக் கொஞ்சம் பழக்கம் கொடுங்கள். பக்கத்து வீட்டு அக்காவை எதிரில் உட்காரவைத்து, தன் பெயர், படிப்பு, ரெஸ்யூமில் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் பின்னால் நடந்த ஒரு சம்பவம், இவ்வளவையும் சத்தமாகச் சொல்லிப் பார்க்கட்டும். கண்ணாடி முன்னால் சொல்வதைவிட ஆள் முன்னால் சொல்வது நல்லது. ‘கம்யூனிகேஷன் ஸ்கில்’ என்ற வார்த்தையை எழுதாமலே அந்தத் திறமை தெரிந்துவிடும்.

தெலுங்கு பற்றி. பிரவுசிங் சென்டர் ரெஸ்யூமில் மொழி என்ற இடத்தில் ‘தமிழ், ஆங்கிலம்’ என்று மட்டும் போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அதை இன்றைக்கே மாற்றுங்கள். ஆந்திராவில் சித்தூர், பலமநேர் பக்கமிருந்து சிகிச்சைக்காக வேலூர் வருகிறவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். அவர்களிடம் அவர்கள் மொழியில் “கூர்ச்சோண்டி (உட்காருங்க), அரைமணி நேரத்துல கூப்பிடுவோம்” என்கிற மாதிரிச் சொல்ல ஒரு ஆள் இருந்தால், அந்த சென்டருக்கு எவ்வளவு உதவி! தெலுங்கில் எழுதப் படிக்கத் தெரியாது என்றாலும் குறையில்லை. ‘தெலுங்கு: பேசுவேன்’ என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். தெருவில் பழகி உருதும் புரிகிறது என்றால் ‘உருது: புரிந்துகொள்வேன்’ என்று சேருங்கள். குடியாத்தத்துப் பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் வரும்.

ஒரு பையன் நினைவுக்கு வருகிறான். சி.எம்.சி. எதிரில் இருக்கிற சந்துகளில் ஒன்றில் அவன் மாமா லாட்ஜ் நடத்தினார். லீவு நாட்களில் அங்கே உட்காருவான். ரெஸ்யூமில் ‘பொழுதுபோக்கு: கிரிக்கெட்’ என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. பேச்சுக் கொடுத்தபோதுதான், கொல்கத்தாவிலிருந்து வருகிறவர்களிடம் பேசிப்பேசிப் பெங்காலி பழகிவிட்டது என்றான். வேறு ஊரில் காசு கட்டிக் கற்றாலும் கிடைக்காத ஒன்று அவன் கையில் இருந்தது. வீட்டில் செய்கிற வேலைதானே என்று விட்டுவிட்டான். நம் பிள்ளைகள் எல்லாருமே இப்படித்தான் விட்டுவிடுகிறார்கள். கேட்டு வாங்க வேண்டியது பெரியவர்களின் பொறுப்பு.

தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதை ஒரு வரியாகப் போடுங்கள்: எத்தனை பிள்ளைகள், எந்த வகுப்பு, எத்தனை மாதமாக. பொறுமைக்கு அது போதும்.

லீடர்ஷிப், டீம் ஒர்க் இரண்டுக்கும் கட்டாயமாக எதையாவது தேட வேண்டாம். தானாக இருந்தால் எழுதலாம். பள்ளியில் என்.எஸ்.எஸ். முகாமுக்குப் போனாளா? விளையாட்டு விழாவில் ஏதாவது பொறுப்பு? வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு ஊரே திரள்கிறதே, உங்கள் தெருவில் மோர்ப் பந்தல் போட்டால் அதில் நிற்கிறாளா? திருவிழா வேலை எல்லாம் ரெஸ்யூமில் வருமா என்று யோசிக்காதீர்கள். அந்த வெயிலில், அந்த நெரிசலில், இன்னும் பத்துப் பேரோடு சேர்ந்து காலையிலிருந்து தண்ணீரும் மோரும் தீராமல் பார்த்துக்கொண்டிருந்தால் அது நல்ல கூட்டு வேலை. ‘திருவிழாத் தண்ணீர்ப் பந்தலில் தன்னார்வலர்’ என்று எழுதி, அவள் பொறுப்பு என்ன என்பதையும் சேர்க்கலாம். டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்திருந்தால் அதை மறக்காமல் போடுங்கள். பில் போடும் வேலைக்கு மிகவும் உதவும்.

மற்றதெல்லாம் சின்ன விஷயங்கள். ஒரே பக்கம் போதும். மேலே பெயர், ஊர், எப்போதும் எடுக்கிற போன் நம்பர். அப்பா லாரியில் இருப்பார், போன் எடுக்க முடியாது. அவளுடையதையோ உங்களுடையதையோ கொடுங்கள். மின்னஞ்சல் முகவரி அவள் பெயரில் இருக்கட்டும். அடுத்து என்ன வேலைக்கு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வர முடியும் என்று ஒரு வரி. விடுமுறை வேலைக்கு ஆள் எடுக்கிறவர் முதலில் தேடுவது அதைத்தான். காலேஜ் திறக்கப் போவதை மறைத்துச் சேர்ந்துவிட்டு நடுவில் நின்றால் அடுத்த பிள்ளைக்கும் கதவு அடைபடும். அதன் பிறகு நாம் பேசிய வரிகள், படிப்பு, மொழிகள். ஆதார் நம்பர், சாதி, மதம் எதுவும் வேண்டாம். போட்டோ கேட்டால் மட்டும். அவளைப் பற்றி விசாரிக்க வகுப்பு ஆசிரியை ஒருவரின் பெயரைக் கொடுக்கலாம். ஆனால் அவரிடம் முதலில் அனுமதி வாங்கிவிட்டுத்தான் நம்பரை எழுத வேண்டும்.

இரண்டு இடத்துக்கும் ஒரே தாளைக் கொடுக்காதீர்கள். ஸ்கேன் சென்டருக்குப் பாட்டியின் சிகிச்சையும் தெலுங்கும் மேலே வரட்டும். ஜவுளிக்கடைக்குக் கணக்கு நோட்டு மேலே வரட்டும். ஜவுளிக்கடைக்குத் தமிழிலேயே, அவள் கையெழுத்தில் கொடுத்தாலும் குறையில்லை. ஸ்கேன் சென்டருக்கு ஆங்கிலத்தில் வேண்டும் என்றால், முதலில் தமிழில் எழுதிவிட்டு, தனக்குத் தெரிந்த சின்னச் சின்ன ஆங்கில வாக்கியமாக அவளே மாற்றட்டும். பள்ளி ஆங்கில ஆசிரியையிடம் காட்டி எழுத்துப்பிழை திருத்திக்கொள்ளலாம். இப்போது போனிலேயே ஏ.ஐ.யிடம் கேட்டு எழுதுகிறார்கள். பிழை பார்க்க அதைப் பயன்படுத்தட்டும், ஆனால் அவள் வாயால் சொல்ல வராத ஒரு வாக்கியம்கூடத் தாளில் இருக்கக் கூடாது. பிரவுசிங் சென்டருக்கு டைப் அடிக்க மட்டும் போங்கள். வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னால் பி.டி.எஃப். ஆக, அவள் பெயரையே ஃபைலுக்குப் பெயராக வைத்து அனுப்புங்கள்.

என்ன எழுதுவது என்று என்னையே சொல்லச் சொன்னீர்கள். நான் முழுதாக எழுதிக்கொடுத்தால் அதுவும் இன்னொரு பிரவுசிங் சென்டர் ரெஸ்யூம்தான். நீங்கள் பீடி சுற்றிக்கொண்டே கேளுங்கள், அவள் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்லிச் சொல்லி எழுதட்டும். “நீ செஞ்சதுல எது கஷ்டமா இருந்துச்சு? யாராவது கோபப்பட்டா நீ என்ன பண்ணே? உன்னை நம்பி யாரு எதைக் குடுத்தாங்க?” இந்த மாதிரிக் கேள்விகள் போதும். அவள் மறந்துபோனதை நீங்கள் ஞாபகப்படுத்துங்கள். அவள் செய்ததை நீங்கள் வாய்விட்டுச் சொல்வதை அவள் கேட்பதே அவளுக்குப் பெரிய தைரியம். இன்டர்வியூவுக்குக் கூடப் போங்கள், ஆனால் உள்ளே அவள் மட்டும் போகட்டும். அம்மா பதில் சொல்லிவிட்டால், பிள்ளையைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாமலே போய்விடும்.

வேலை நேரத்தையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். 18 வயது முடியாதவர்களுக்கு இரவு 7 மணிக்கு மேல் காலை 8 மணிக்குள் வேலை கொடுக்கக் கூடாது என்று குழந்தை மற்றும் வளரிளம் பருவத் தொழிலாளர் சட்டம் சொல்கிறது. இடைவேளையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம்தான், ஓவர்டைம் கிடையாது, வாரம் ஒரு நாள் விடுமுறை உண்டு. பிறந்தநாள் வரை இது பொருந்தும். ஜவுளிக்கடையில் சீசன் நாட்களில் ராத்திரி வரை நிற்கச் சொல்வார்கள், அதனால்தான் சொல்கிறேன். கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்திருத்தமே வந்திருக்கிறது. 18 முடிந்த பிறகும் வேலூரிலிருந்து அவள் எந்த பஸ்ஸில் திரும்புவாள் என்று பார்த்துத்தான் நேரத்துக்கு ஒப்புக்கொள்ளுங்கள்.

வேலை தருவதற்கு முன்பணம், யூனிஃபார்ம் டெபாசிட், டிரெயினிங் ஃபீஸ் என்று யாராவது கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். மார்க் ஷீட், டி.சி. அசலை எந்த இடத்திலும் விட்டுவிட்டு வராதீர்கள். காட்டிவிட்டு, ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள். கல்லூரி சேர்க்கைக்கு அசல் கையில் இருக்க வேண்டும். ரெஸ்யூமை அவள் எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், படித்துப் பார்க்கிறேன்.